எவர்சில்வர் - துருப்பிடிக்காத பாத்திரத்தின் கதை

தமிழ்நாட்டில் எவர்சில்வர் பாத்திரம் இல்லாத வீட்டைப் பார்ப்பது கடினம். காலையில் காபி டம்ளர், மதியம் சாப்பாட்டுத் தட்டு, இரவில் பால் காய்ச்சும் பாத்திரம் என்று நாள் முழுவதும் கையில் புழங்குவது இதுதான். ஆனால் இது எங்கிருந்து வந்தது, ஏன் துருப்பிடிப்பதில்லை, ஏன் சில நேரம் துருப்பிடிக்கவும் செய்கிறது என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. தினமும் பார்க்கும் பொருளுக்கு வரலாறு எதற்கு என்று தோன்றலாம். உண்மையில் இந்தப் பாத்திரத்தின் வரலாறு சேலத்து மலையிலும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலும், திருப்பூர் அருகே உள்ள பட்டறைகளிலும் சிதறிக் கிடக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பிள்ளைப்பாக்கத்திலிருந்து தொடங்கலாம். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயரால் அறியப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் இன்னொரு பெரிய கார் ஆலை வந்தது. அதன்பின் இந்தச் சாலை முழுவதும் உதிரி பாகத் தொழிற்சாலைகள். காரின் புகைபோக்கிக் குழாயும் ஒருவகை துருப்பிடிக்காத எஃகுதான். பகலில் அந்தக் குழாய் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் இளைஞர், இரவில் அறைக்குத் திரும்பி அதே குடும்பத்தைச் சேர்ந்த உலோகத்தில் சோறு வடிக்கிறார். நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறை. அங்கே ஒரு குக்கர், இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி. ஊரிலிருந்து வரும்போது அம்மா கொடுத்தனுப்பியது!

எவர்சில்வருக்கு முன்னால்

நம் பாட்டி காலத்துச் சமையலறையில் மண்சட்டி, பித்தளை, வெண்கலம், செம்பு, கல்சட்டி, இரும்புச் சட்டி எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சோறு வெண்கலப் பானையில், குழம்பு மண்சட்டியில் அல்லது கல்சட்டியில், ரசம் ஈயச்சொம்பில், தண்ணீர் செப்புக் குடத்தில்.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் புளி. தமிழ்ச் சமையலில் புளி இல்லாத நாள் குறைவு. பித்தளையிலும் செம்பிலும் செம்பு உலோகம் இருக்கிறது. புளிப்பு பட்டால் அது கரைந்து உணவில் கலக்கும். பச்சை நிறத்தில் படிவதைக் களிம்பு என்பார்கள். களிம்பு ஏறிய உணவைச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். அதைத் தடுக்கவே பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினார்கள்.

தெருவில் கூவிக்கொண்டு வரும் ஈயம் பூசுபவர் மர நிழலில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியால் ஊதுவார். பாத்திரம் சூடானதும் நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயக் கம்பியைத் தொட்டு, துணியாலோ பஞ்சாலோ ஒரு சுற்று துடைப்பார். ஒரு நொடியில் உட்புறம் வெள்ளியாக மின்னும்! சில மாதங்களில் அது தேய்ந்துவிடும். மறுபடியும் பூச வேண்டும். வெள்ளீயம் விலை அதிகம் என்பதால் அதில் மலிவான காரீயத்தைக் கலந்துவிடும் ஆபத்தும் இருந்தது. காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடியது.

துலக்குவது இன்னொரு வேலை. சாம்பல், செங்கல் பொடி, புளி எல்லாம் வைத்துத் தேய்த்தால்தான் பித்தளை பளிச்சிடும். இந்த வேலை முழுவதும் பெண்களின் தலையில்தான் விழுந்தது. எவர்சில்வர் வந்தபோது அதைப் பெண்கள் ஏன் அவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஷெஃபீல்டில் ஒரு தற்செயல்

ஹாரி பிரியர்லி 1871ல் ஷெஃபீல்டில் ஓர் எஃகுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனவர். படித்து, பிறகு பிரவுன் ஃபிர்த் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் விரைவில் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடும் வேலை அவரிடம் கொடுக்கப்பட்டது. பல்வேறு அளவில் குரோமியம் கலந்து எஃகு செய்து பார்த்தார். 1913 ஆகஸ்டில் செய்த ஒரு கலவையில் 12.8% குரோமியமும் 0.24% கரியும் இருந்தன. எஃகை ஆராய்பவர்கள் அதன் மேல் அமிலம் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். இந்த எஃகை அமிலம் எளிதில் தொடவில்லை.

ஷெஃபீல்டு கத்திக்குப் பெயர்போன ஊர். ஆகவே பிரியர்லிக்கு உடனே நினைவுக்கு வந்தது சாப்பாட்டு மேசைக் கத்தி. அவர் அதைத் துருவேறாத எஃகு என்றுதான் அழைத்தார். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் மேலாளர் வினிகரில் போட்டுப் பார்த்துவிட்டு, கறை படியாதது என்ற பொருளில் 'ஸ்டெயின்லெஸ்' என்று சொன்னார். அந்தப் பெயரே நிலைத்தது.

பிரியர்லி ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியல்ல. பிரான்சில் பியர் பெர்த்தியே 1821லேயே குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்குவதைக் கவனித்திருந்தார். ஜெர்மனியில் குருப் நிறுவனத்தில் பென்னோ ஸ்ட்ராஸ், எட்வர்ட் மாரர் இருவரும் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த எஃகை உருவாக்கினார்கள். அதற்கு 1912ல் காப்புரிமை கேட்கப்பட்டது. 1924ல் ஷெஃபீல்டில் வில்லியம் ஹாட்ஃபீல்டு 18% குரோமியம், 8% நிக்கல் என்ற கலவையைக் கொண்டுவந்தார். 18/8 என்று பாத்திரத்தின் அடியில் அச்சடித்திருப்பது இதுதான். தொழிற்சாலைகளில் இதை 304 ரகம் என்பார்கள்.

ஏன் துருப்பிடிப்பதில்லை?

எஃகில் குறைந்தது 10.5% குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். சில நானோமீட்டர் தடிமன்தான். மனிதத் தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம் உள்ளே இருக்கும் இரும்பைக் காற்றும் நீரும் தொடாமல் காக்கிறது. கரண்டியால் கீறினாலும் அந்த இடத்தில் புதிய படலம் தானே உருவாகிவிடும். ஈயம் பூசுபவரின் வேலையை இங்கே காற்றே செய்கிறது, அதுவும் காசு வாங்காமல்!

இந்தப் படலத்துக்கு ஓர் எதிரி உண்டு. அது உப்பில் இருக்கும் குளோரைடு. அதைப் பிறகு பார்க்கலாம்.

பரங்கிப்பேட்டையும் சேலமும்

ஷெஃபீல்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் பிரியர்லிக்கு முன்பே ஒரு தொடர்பு இருந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு 1830ல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை தொடங்கினார். இரும்புக் கல் சேலம் பகுதியிலிருந்து வந்தது. எரிபொருள் மரக்கரி. லாபம் வரவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி ஷெஃபீல்டில் ஆராய்ச்சி செய்தார். எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று கண்டு 1839ல் காப்புரிமை பெற்றார். அவர் முறையை மற்றவர்கள் சற்றே மாற்றிப் பயன்படுத்திக்கொண்டதால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஷெஃபீல்டு பணக்கார நகரமானது. ஹீத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சேலம் கஞ்சமலையின் இரும்பு மறுபடியும் பேசப்பட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. கஞ்சமலைக் கல்லையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் வைத்து ஓர் உருக்காலை வேண்டும் என்று தமிழகம் நெடுநாள் கேட்டது. 1967ல் அண்ணா தலைமையிலான அரசு இதற்காக எழுச்சி நாள் கொண்டாடியது. 1970ல் பிரதமர் இந்திரா காந்தி சேலத்தில் அடிக்கல் நாட்டினார். ஆலை உற்பத்தியைத் தொடங்கியதோ 1981ல்! அதற்குள் திட்டம் மாறிவிட்டது. கஞ்சமலைக் கல்லை உருக்கும் ஆலையாக அது வரவில்லை. வெளியிலிருந்து வந்த எவர்சில்வர் சுருள்களை மெல்லிய தகடாக உருட்டித் தரும் ஆலையாக வந்தது. சுடு உருட்டாலை 1995ல் சேர்ந்தது. உருக்கும் பிரிவு 2010ல்தான் வந்தது.

எனினும் சேலத்துத் தகடு ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அதற்கு முன் எவர்சில்வர் ஆடம்பரப் பொருள். தகடு பெரும்பாலும் இறக்குமதி. துர்காபூர் கலப்பு எஃகு ஆலை 1965ல் தொடங்கிய பின்னும் தேவைக்குப் போதவில்லை. உள்நாட்டிலேயே தகடு கிடைக்கத் தொடங்கியதும் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. அதன் பிறகு ஏழை வீட்டுக்கும் வந்தது. இந்த ஆலையைத் தனியாருக்கு விற்க 2019ல் விருப்ப மனு கோரப்பட்டபோது தொழிலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தமிழகம் போராடி வாங்கிய ஆலை என்ற நினைவும் அந்த எதிர்ப்பில் இருந்தது.

சீர்வரிசையும் பழைய துணியும்

எவர்சில்வர் என்ற பெயரே ஆசையைச் சொல்கிறது. என்றும் வெள்ளி போல. வெள்ளி வாங்க முடியாதவர்களுக்கு வெள்ளி மாதிரி ஒன்று. கல்யாணச் சீரில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் குடமும் அடுக்கும் ஏறின. பாத்திரக் கடையில் சிறிய எந்திரத்தால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்கள். கொடுத்தவர் பெயர், நாள், சில சமயம் விசேஷத்தின் பெயரும் இருக்கும். பல வீடுகளில் குடும்ப வரலாறு எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் பாத்திரத்தின் விளிம்புதான்!

தெருவில் தலையில் கூடையோடு வந்தவர்கள் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தார்கள். ஒரு பட்டுச்சேலைக்கு ஒரு தூக்கு, நான்கு பேண்ட்டுக்கு ஒரு டப்பா. கையில் பணம் இல்லாத பெண்கள் தாங்களே பேரம் பேசி வாங்கிய பொருள் இது.

இதில் ஒரு நஷ்டமும் இருந்தது. பித்தளையும் வெண்கலமும் ஏழை வீட்டின் சேமிப்பு. கஷ்டம் வந்தால் அண்டாவை அடகு வைக்கலாம், எடைக்கு விற்கலாம். புது மோகத்தில் கனமான பழைய பாத்திரங்களைப் போட்டுவிட்டு மெல்லிய எவர்சில்வரை வாங்கியவர்கள் அந்தச் சேமிப்பைக் கரைத்தார்கள்.

எவர்சில்வர் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவும் இல்லை. சில ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்தது. ஒரு சாராருக்கு எவர்சில்வர் டம்ளர், தலித் மக்களுக்கு வேறு குவளை. கறை படியாத உலோகத்தின் மீதும் சாதி படிந்தது என்பதை வரலாறு மறைக்க முடியாது.

அனுப்பர்பாளையத்துப் பட்டறைகள்

தகடு ஆலையில் பிறக்கலாம். அதைப் பாத்திரம் ஆக்குவது மனிதக் கை. திருப்பூர் அருகே உள்ள அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றது. வட்டமாக வெட்டிய தகட்டை எந்திரத்தில் வைத்து அழுத்தியோ சுழற்றியோ குழிவாக்குகிறார்கள். பிறகு விளிம்பு மடித்து, கைப்பிடி பற்ற வைத்து, கடைசியில் மெருகு போடுகிறார்கள்.

மெருகு போடுவதுதான் கடினமான வேலை. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் பாத்திரத்தைப் பிடிக்க வேண்டும். பறக்கும் தூசி முகத்திலும் நுரையீரலிலும் போய்ச் சேரும். கூலி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர்களும் பேச்சுவார்த்தை நடத்துவதும், அது முறிந்தால் வேலைநிறுத்தம் நடப்பதும் அந்த ஊரில் வழக்கம். கடையில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் பாத்திரத்தை வாங்கும்போது, அந்தப் பளபளப்பைக் கொடுத்தவரின் முகம் கரியாக இருந்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

நிக்கல் விலையும் நம் பாத்திரமும்

எவர்சில்வருக்குத் தேவையான குரோமியம் இந்தியாவில் உண்டு. ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் நாட்டின் பெரும்பங்கு குரோமியக் கனிமம் இருக்கிறது. நிக்கல் அப்படி இல்லை, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் விலை தாறுமாறாக ஏறி இறங்கும். 2007 மே மாதம் டன்னுக்கு 50,000 டாலரைத் தாண்டியது. 2022 மார்ச்சில் லண்டன் சந்தையில் ஒரே நாளில் 1,00,000 டாலரைத் தொட்டு, வர்த்தகத்தையே நிறுத்த வேண்டி வந்தது.

ஆகவே தயாரிப்பாளர்கள் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டினார்கள். இதற்கு 200 வரிசை என்று பெயர். இந்தியப் பாத்திரங்களில் பெரும்பங்கு இந்த வகைதான். மலிவான ஒரு ரகத்தில் குரோமியம் சுமார் 15%, நிக்கல் சுமார் 1% மட்டுமே இருக்கும். ஹீத் சேர்த்த அதே மாங்கனீசு இன்று நம் சோற்றுப் பானையில்!

இது நஞ்சு அல்ல, போலியும் அல்ல. ஆனால் அரிப்பைத் தாங்கும் சக்தி குறைவு. உப்பும் புளியும் நெடுநேரம் தங்கினால் புள்ளி விழும். கடைக்குக் காந்தம் கொண்டு போய்ச் சோதிப்பவர்கள் உண்டு. ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது பரவலான நம்பிக்கை. அது முழு உண்மை அல்ல. 304ம் ஒட்டாது, 200 வரிசையும் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430 ரகம் ஒட்டும், ஆனால் அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். எனவே காந்தம் தரத்தைச் சொல்லாது. பில்லிலும் பாத்திரத்திலும் ரகம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதே வழி. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை பிறப்பித்தது.

எப்படிப் பயன்படுத்துவது? எப்படிப் பாதுகாப்பது?

எவர்சில்வரின் பெரிய குறை, வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அதனால்தான் மெல்லிய எவர்சில்வரில் பால் அடிப்பிடிக்கிறது. அடியில் செம்போ அலுமினியமோ சேர்த்த பாத்திரங்கள் இதற்காகவே வந்தன. இன்டக்ஷன் அடுப்பு வந்தபோது இன்னொரு சிக்கல். காந்தம் ஒட்டாத அம்மா வீட்டுப் பாத்திரம் அதில் சூடாவதில்லை. அடியில் காந்தம் ஒட்டும் தகடு வேண்டும்.

மற்றபடி கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை.

புதுப் பாத்திரத்தை வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும். துணியில் ஒட்டும் கறுப்பு, மெருகு போட்ட மசி. ஒட்டிய காகிதம் வராவிட்டால் லேசாகச் சூடாக்கி எண்ணெய் தடவினால் வந்துவிடும்.

தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட வேண்டும். குளிர்ந்த நீரில் போட்டால் உப்பு அடியில் தங்கி, குளோரைடு ஒரே இடத்தில் படலத்தைத் துளைக்கும். ஊசிமுனை போன்ற புள்ளிகள் இப்படித்தான் வருகின்றன. பிளீச்சிங் பவுடரால் பாத்திரம் கழுவக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பழி எவர்சில்வர் மேல் விழும்! தேங்காய் நார் போதும்.

அடிப்பிடித்தால் தண்ணீரும் சமையல் சோடாவும் விட்டுக் கொதிக்கவைத்து ஊற விட்டால் தானே உரியும்.

ஆழ்துளைக் கிணற்று நீரால் படியும் வெள்ளைக் கறை சுண்ணாம்பு உப்பு. எலுமிச்சையோ புளித்தண்ணீரோ அதை நீக்கும். அதிகச் சூட்டில் தெரியும் வானவில் நிறம், மேல் படலம் தடித்ததால் வருவது. அதனால் தீங்கு இல்லை.

ஊறுகாயை மட்டும் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். அதற்குப் பாட்டியின் பீங்கான் ஜாடிதான் சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாம்பார், சட்னி போன்ற புளிப்பான உணவுகளை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைப்பது பாதுகாப்பானதல்ல என்று சொல்லப்பட்டிருக்கிறது. எவர்சில்வர் பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் அது கூறுகிறது.

மீண்டும் பிள்ளைப்பாக்கம்

பிள்ளைப்பாக்கம் அறைகளில் இன்று தமிழ் இளைஞர்கள் மட்டும் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர். ஒடிசாக்காரரின் மாநிலத்து மண்ணிலிருந்துதான் நம் பாத்திரத்துக்குக் குரோமியம் வருகிறது. அந்தக் கனிமம் பல ஆலைகளைக் கடந்து, அனுப்பர்பாளையத்துக் கை ஒன்றில் வடிவம் பெற்று, தமிழ்நாட்டுக் கடை ஒன்றில் அவராலேயே வாங்கப்படுகிறது. உலோகமும் மனிதரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு, வேறு வேறு வழியில் வந்து, ஒரே அறையில் சந்திக்கிறார்கள்.

எவர்சில்வர் என்றால் என்றும் வெள்ளி. அதைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம். அதை நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கைகள். அடுத்த முறை பாத்திரம் துலக்கும்போது உப்பை மட்டும் கழுவிவிட்டு, இந்தக் கதையை மறக்காமல் வைத்துக்கொள்ளலாம். துலக்கும் வேலையை வீட்டில் ஒருவர் தலையிலேயே கட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது!